நியூயார்க்கில் ஓர் ஆண்டு: அயல்நாட்டு மாணவராக டீட்ரிக் போன்ஹோபர்

நம் திருச்சபைகளில் மேற்படிப்புக்காக அயல்நாடு சென்று திரும்பும் போதகர்களையும் இறையியல் ஆசிரியர்களையும் மாலையிட்டு வரவேற்பது வழக்கம். வரவேற்புக் கூட்டத்தில் அவர் பெற்று வந்த பட்டம் அறிவிக்கப்படும். அவர் பயின்ற கல்லூரியின் பெருமை எடுத்துரைக்கப்படும். அங்கே அவர் யாரோடு பந்தியிருந்தார், யாருடைய ஆலயத்தில் தொழுதார், எதைக் கண்டு மனம் வருந்தினார் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் திருச்சபை வரலாற்றை நோக்குமிடத்து, அயல்நாட்டுக் கல்வியின் நிலையான பயன் இத்தகைய வினாக்களுக்குரிய விடைகளிலேதான் பெரிதும் அடங்கியுள்ளது என்பது தெரியவரும். இதற்கு ஒரு சிறந்த சான்று, ஜெர்மானிய இறையியலறிஞர் டீட்ரிக் போன்ஹோபர் 1930ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 1931ஆம் ஆண்டு ஜூன் வரை அமெரிக்காவில் மாணவராகக் கழித்த காலமாகும்.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிளாசன்பர்க் சிறைமுகாமில் தூக்கிலிடப்பட்ட இரத்தசாட்சியாக அவரை நாம் அறிவோம். அவருடைய சிறைக் கடிதங்களும் ‘சீடத்துவம்’ என்னும் நூலும் நம் கல்லூரிகளில் பயிலப்படுகின்றன. ஆனால், அந்த மனிதர் உருவாவதற்கு இரண்டு பருவங்கள் மட்டுமே நீடித்த ஓர் அயல்நாட்டுப் படிப்பு எவ்வாறு துணைசெய்தது என்பது போதிய அளவு சிந்திக்கப்படவில்லை. அதனை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. புறப்பட்டபோது

போன்ஹோபர் 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். தந்தையார் கார்ல் போன்ஹோபர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவப் பேராசிரியர். கல்வியும் செல்வமும் இசையும் நிறைந்த அக்குடும்பத்தைப் போர் தீண்டாமல் விடவில்லை. தமையன் வால்டர் 1918ஆம் ஆண்டு போர்முனையில் காயமுற்று இறந்தார். தாயார் பவுலா அத்துயரிலிருந்து மீண்டெழ நெடுங்காலம் ஆயிற்று. டீட்ரிக்குக்கு அப்போது வயது பன்னிரண்டு.

டூபிங்கனிலும் பெர்லினிலும் இறையியல் பயின்ற அவர், திருச்சபையின் இயல்பைக் குறித்த ஆய்வுரைக்காக 1927ஆம் ஆண்டு, தம் இருபத்தோராம் வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் ஜெர்மானியச் சபையில் ஓராண்டு உதவிப் போதகராகப் பணியாற்றினார். 1930ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராவதற்குரிய இரண்டாவது ஆய்வுரையும் ஏற்கப்பட்டது. ஆனால், குருத்துவ அபிஷேகம் பெறுவதற்குரிய இருபத்தைந்து வயது நிறையவில்லை. இந்த இடைவெளியில்தான் நியூயார்க் நகரின் யூனியன் இறையியல் கல்லூரியில் ஓராண்டு பயில்வதற்கான உதவித்தொகை கிடைத்தது.

ஆகவே அவர் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி என்னும் எண்ணத்தோடு கப்பலேறவில்லை. இறையியலின் தாயகம் ஜெர்மனி என்னும் பெருமிதம் அவரிடம் இருந்தது. மேலும், பார்சலோனாவில் 1929ஆம் ஆண்டு ஆற்றிய ஓர் உரையில், தன் மக்களுக்காகக் கிறிஸ்தவன் ஆயுதம் ஏந்துவது தகும் என்றே அவர் பேசியிருந்தார். நாட்டுப்பற்றுக்கும் நற்செய்திக்கும் இடையே முரண்பாடு உண்டென்று அந்நாளில் அவர் கருதவில்லை.

அவர் அமெரிக்கா சென்ற அதே செப்டம்பர் மாதத்தில், 14ஆம் நாள் நடந்த ஜெர்மானிய நாடாளுமன்றத் தேர்தலில் இட்லரின் கட்சி 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்கு உயர்ந்தது. தாய்நாட்டில் தீ பற்றிக்கொண்ட வேளையில் அவர் கடலுக்கு அப்பால் இருந்தார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

2. வகுப்பறை

யூனியன் கல்லூரி 1836ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. நியூயார்க்கில் பிராட்வே சாலையில் அமைந்த அதன் அருகே, ராக்பெல்லரின் செல்வத்தால் எழுப்பப்பட்ட ரிவர்சைட் ஆலயம் அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டது. பேரா. ரைன்ஹோல்டு நீபர், ஸ்காத்லாந்து நாட்டவரான ஜான் பெய்லி, ஹாரி வார்ட் முதலியோர் அப்போது அங்கே கற்பித்து வந்தனர்.

போன்ஹோபருக்கு அவ்வகுப்புகள் ஏமாற்றமே அளித்தன. அங்கே இறையியலே இல்லை என்று அவர் வீட்டுக்கு எழுதினார். மனித விருப்பத்தின் அடிமைத்தனத்தைப் பற்றிய லூத்தரின் நூலிலிருந்து பாவத்தையும் மன்னிப்பையும் குறித்த ஒரு பகுதி வாசிக்கப்பட்டபோது, மாணவர் பலர் அதனை நகைப்புக்குரியதாக எண்ணி வாய்விட்டுச் சிரித்ததை அவர் தம் அறிக்கையில் வேதனையோடு குறித்துள்ளார். நகரின் பெரிய ஆலயங்களில் எதைப் பற்றியும் பிரசங்கம் கேட்கலாம், இயேசு கிறிஸ்துவின் நற்செய்தி ஒன்றைத் தவிர என்பது அவர் முறையீட்டின் சாரம். பெய்லியின் வகுப்பில் கார்ல் பார்த்தின் இறையியலை எடுத்துரைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது, மிகுந்த உறுதியோடு அதனை நிறைவேற்றினார். பார்த்துக்கு இவரைப்போன்ற திடமான மாணவரைத் தாம் கண்டதில்லை எனும் கருத்தைப் பெய்லி பிற்காலத்தில் வெளியிட்டார்.

இம்மதிப்பீட்டில் உண்மையும் உண்டு. இளமையின் அவசரமும் உண்டு. வேலையிழந்தோர் நியூயார்க்கின் வீதிகளில் ரொட்டிக்காக வரிசையில் நின்ற காலம் அது. 1929ஆம் ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்ததன் விளைவு அப்போதுதான் ஏழைகளின் இல்லங்களை எட்டியிருந்தது. அவருடைய பேராசிரியர்களும் உடன் மாணவர்களும் கோட்பாட்டு நுணுக்கங்களில் பின்தங்கியிருந்திருக்கலாம். ஆனால், பட்டினியையும் நீதியையும் திருச்சபையின் கடமைக்குரிய பொருளாக அவர்கள் கருதினர். வகுப்பின் ஒரு பகுதியாகவே மாணவர்கள் தொழிற்சங்கங்களையும் சமுதாய நல அமைப்புகளையும் நேரிற் சென்று கண்டனர். இதனைப் போன்ஹோபர் முற்றிலும் புறக்கணிக்கவில்லை என்பது அவருக்குப் பெருமை. சமுதாய நற்செய்தியை எடுத்துரைத்தோர் தம்மீது ஏற்படுத்திய தாக்கம் நெடுநாள் நிலைக்கும் என்பதை அவர் தம் இறுதி அறிக்கையில் ஒப்புக்கொண்டார்.

அறைக் கதவுகள் நாள் முழுவதும் திறந்திருந்த மாணவர் விடுதியும் அவருக்குப் புதியதாயிருந்தது. அந்தத் தோழமையை அவர் போற்றினார். அதேவேளையில், பிறர் மனம் நோகாதிருக்க வேண்டும் என்னும் விருப்பம் உண்மையை மழுங்கச் செய்துவிடக்கூடும் என்றும் கண்டார். எனினும் அவ்விடுதியில்தான் அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிய நண்பர்கள் கிடைத்தனர். அமெரிக்கரான பால் லேமன், சுவிட்சர்லாந்து நாட்டவரான எர்வின் சூட்ஸ், பிரெஞ்சு நாட்டவரான ழான் லசேர், அலபாமாவைச் சேர்ந்த கறுப்பின மாணவர் பிராங்க் பிஷர் ஆகியோரே அவர்கள்.

3. ஹார்லெம்

பிஷரின் தந்தையார் பர்மிங்காம் நகரில் பாப்திஸ்து போதகராக இருந்தவர். பிஷர் தம் களப்பணியை ஹார்லெம் பகுதியிலுள்ள அபிசீனியன் பாப்திஸ்து சபையில் செய்து வந்தார். கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த அப்பகுதியில் கறுப்பின மக்கள் பெருந்திரளாக வாழ்ந்தனர். அங்கே பிஷர் அழைத்துச் சென்றார். போன்ஹோபரும் உடன் சென்றார். ஒருநாள் வேடிக்கை பார்க்கச் சென்றவராக அவர் நின்றுவிடவில்லை. ஆறு மாதங்களுக்கு மேலாக ஞாயிறுதோறும் சென்றார். ஓய்வுநாள் பள்ளியில் சிறுவர் வகுப்பொன்றை நடத்தினார். வாரநாட்களில் பெண்களுக்கான வேதபாட வகுப்பிலும் உதவினார். அச்சபை மக்களின் இல்லங்களுக்கும் சென்று வந்தார்.

அச்சபையின் வரலாறு நம் கவனத்திற்குரியது. 1808ஆம் ஆண்டு நியூயார்க்கின் முதல் பாப்திஸ்து ஆலயத்தில் கறுப்பினத்தவர் தனி மாடத்தில் அமர வேண்டும் என்னும் ஏற்பாட்டை ஏற்க மறுத்து வெளியேறியவர்களும், எத்தியோப்பிய நாட்டு வணிகரும் சேர்ந்து தொடங்கிய சபை அது. கிறிஸ்துவின் பந்தியில் இருக்கை வேறுபாடு காட்டப்பட்டதன் விளைவாகப் பிறந்த சபை என்று அதனைக் கூறலாம். 1908ஆம் ஆண்டு முதல் அதன் போதகராயிருந்த ஆதாம் கிளேட்டன் பவல், பிரசங்க வன்மையும் ஏழைகள்பால் இரக்கமும் ஒருங்கே வாய்த்தவர். வேலையின்மை மிகுந்த அக்குளிர்காலத்தில் அச்சபை பசித்தோருக்கு உணவளித்தது.

ரிவர்சைட் ஆலயத்தில் கேட்கக் கிடைக்காத நற்செய்தியைப் போன்ஹோபர் இங்கே கேட்டார். பாவத்தையும் கிருபையையும் கடவுளின் அன்பையும் இறுதி நம்பிக்கையையும் குறித்து உள்ளம் உருகப் பேசக் கேட்டது கறுப்பினப் போதகர்களின் வாயிலிருந்தே என்று அவர் எழுதினார். தாம் விரும்பிய ‘இறையியல்’ பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வெளியே, அடிமைகளின் பேரப்பிள்ளைகளிடத்தில் உயிரோடிருப்பதை அவர் கண்டார். வசனத்தைப் பிரசங்கிப்பதும் பசித்தவனுக்கு உணவளிப்பதும் அங்கே இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருக்கவில்லை. பார்த்தின் மாணவரும் சமுதாய நற்செய்தியின் மாணவரும் வகுப்பறையில் வழக்காடிக்கொண்டிருந்ததை, ஹார்லெம் சபை ஒரே வழிபாட்டில் இணைத்து வைத்திருந்தது.

நட்பு அவரை மேலும் ஒரு படி அழைத்துச் சென்றது. 1930ஆம் ஆண்டு நவம்பரில் நன்றியறிதல் பண்டிகையையொட்டி வாஷிங்டன் சென்றபோது, கறுப்பின மாணவர் பயிலும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தைப் பிஷரின் துணையோடு கண்டார். மற்றொரு நாள் ஓர் உணவகத்தில் பிஷருக்குப் பிறருக்கு ஒப்பாகப் பரிமாற மறுக்கப்பட்டபோது, போன்ஹோபரும் எழுந்து வெளியேறினார். நீபரின் வகுப்புக்காகக் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைப் படித்தார். 1931ஆம் ஆண்டு மார்ச்சில் அலபாமாவில் கறுப்பின இளைஞர் ஒன்பதுபேர் பொய்க் குற்றச்சாட்டின்பேரில் கைதுசெய்யப்பட்டு, ஏப்ரலில் அவர்களுள் எண்மருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்னும் பெயரால் உலகறிந்த அந்த அநீதி ஹார்லெம் மக்களைக் கொதிப்படையச் செய்த நாட்களில் அவர் அங்கேயே இருந்தார்.

4. பகைநாட்டு நண்பர்

பிஷர் ஒரு கதவைத் திறந்தார் எனில், லசேர் மற்றொரு கதவைத் திறந்தார். 1919ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்குப்பின் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஒருவரையொருவர் பகைவராகவே கண்டனர். வால்டரைப் போரில் இழந்த இளைஞருக்குப் பிரெஞ்சு மாணவருடன் ஒரே விடுதியில் வாழ்வது எளிதன்று. ஆனால், மலைப்பிரசங்கத்தின் சொற்களை அப்படியே கைக்கொள்ள வேண்டியவையாக லசேர் எண்ணினார். லூத்தரன் மரபில் வளர்ந்த போன்ஹோபர் அவற்றை மனித இயலாமையை உணர்த்தும் கண்ணாடியாகவே கருதி வந்தார். கிறிஸ்துவின் சரீரத்தைச் சேர்ந்தவர் நாட்டின் பெயரால் அச்சரீரத்தின் மற்றோர் உறுப்பைக் கொல்வது எவ்வாறு தகும் என்னும் வினாவை லசேரின் நட்பு அவர்முன் வைத்தது.

லசேர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. முதல் உலகப்போரில் ஒரு ஜெர்மானியப் படைவீரனின் அனுபவத்தைக் கூறும் திரைப்படத்தைக் காண இருவரும் சென்றனர். ரெமார்க்கின் புகழ்பெற்ற புதினத்தைத் தழுவிய படம் அது. கதை ஜெர்மானியரின் நோக்கில் அமைந்திருந்தமையால், பிரெஞ்சு வீரர்கள் மடியும் காட்சிகளில் அரங்கிலிருந்த சிறுவர்கள் ஆரவாரித்து மகிழ்ந்தனர். போரில் அமெரிக்கர் பிரெஞ்சுக்காரரின் பக்கம் நின்றவர்கள். எனினும் திரையில் எவரோடு ஒன்றினார்களோ அவர்களுக்காக ஆர்ப்பரித்தார்கள். மனமுடைந்த லசேரை வெளியே வந்ததும் போன்ஹோபர் ஆற்றித் தேற்றினார். பகைநாட்டின் மகன் பகைநாட்டின் மகனைத் தேற்றிய அவ்வேளையில், இருவரும் எந்நாட்டின் குடிகளாயிருந்தனர் என்று நாம் வினவலாம். எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கூறும் நடுச்சுவரின் தகர்வு அங்கே நிகழ்ந்தது எனல் மிகையாகாது.

1931ஆம் ஆண்டு கோடையில் இந்நண்பர்கள் பழைய கார் ஒன்றில் தென்மேற்காகப் பயணம் செய்தனர். லேமனும் சூட்சும் வழியில் பிரிந்துசெல்ல, போன்ஹோபரும் லசேரும் மெக்சிகோவரை சென்றனர். அங்கே விக்டோரியா நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே மேடையில் நின்று சமாதானத்தைப் பற்றிப் பேசினர். அவ்வாண்டில் அவர் எழுதிய எந்தத் தேர்வுக் கட்டுரையையும்விட இதுவே சிறந்த தேர்ச்சிச் சான்று எனலாம்.

5. தமையனின் கடிதம்

இக்காலத்து ஆவணங்களுள் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது, 1931ஆம் ஆண்டு ஜனவரியில் மூத்த தமையன் கார்ல் பிரெடரிக் எழுதிய ஒரு கடிதமாகும். அவர் வேதியியல் அறிஞர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அழைப்பைப் பெற்றவர். அமெரிக்காவில் இனவேற்றுமையின் கொடுமையைக் கண்டமையால், அந்நாட்டின் இப்பாரம்பரியத்தைத் தம் பிள்ளைகள் சுமக்கக்கூடாது என்று எண்ணியே அப்பதவியை ஏற்கவில்லை என்று அவர் தம்பிக்கு எழுதினார். அதனோடு ஒப்பிட்டால் ஜெர்மனியின் யூதர் பிரச்சினை வெறும் விளையாட்டு என்றும், அங்கே ஒடுக்கப்படுவதாகக் கூறிக்கொள்பவர் மிகச் சிலரே இருப்பர் என்றும் பொருள்படக் குறிப்பிட்டார்.

எழுதியவர் கல்லாதவர் அல்லர்; கொடியவரும் அல்லர். இட்லருக்கு எதிராகப் பின்னாளில் பலரை இழந்த குடும்பத்தின் மூத்த மகன் அவர். அவருடைய தங்கை சபீனாவின் கணவர் கெர்ஹார்டு லைப்ஹோல்ஸ் யூத வழியில் வந்தவர். அவ்வாறிருந்தும், 107 இடங்களைக் கைப்பற்றிய கட்சியின் கூச்சல் தெருவெங்கும் ஒலித்த வேளையில், கடலுக்கு அப்பாலுள்ள பாவத்தைத் தெளிவாகக் கண்ட கண்கள் தம் வாயிற்படியில் கிடந்த பாவத்தைக் காணவில்லை. இரண்டே ஆண்டுகளில் அவ்விளையாட்டு சட்டமாயிற்று.

அயல்நாடு செல்லும் மாணவர் அனைவரும் சந்திக்கும் சோதனை இது. அந்நியனுக்குப் பிறர் வீட்டின் அழுக்கு விரைவில் புலப்படும். அதனைக் கண்டு அவன் நியாயமாகவே சினங்கொள்வான். ஆனால், அச்சினம் அவனைத் தன் வீட்டைக் குறித்த மனநிறைவுக்கு இட்டுச் செல்லுமாயின், அவன் கல்வி பயனற்றதாகும். மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய துரும்பும் உத்திரமும் கடல்கடந்தும் செல்லக்கூடியவை.

6. வீடு திரும்பியபின்

1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் போன்ஹோபர் தாயகம் திரும்பினார். அவருடைய பெட்டியில் கறுப்பின மக்களின் ஞானப்பாடல்கள் பதிவான இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றைப் பெர்லினில் தம் மாணவருக்கும், பின்னர் பிங்கன்வால்டே குருமடத்தில் பயின்றோருக்கும் ஒலிக்கச் செய்தார். ஜூலை மாதத்தில், சூட்சின் அறிமுகத்தால், பான் நகரில் கார்ல் பார்த்தை முதன்முறையாகச் சந்தித்தார். தம் நாட்டில் கற்பித்துவந்த அம்மாபெரும் இறையியலறிஞரை நெருங்குவதற்கும் நியூயார்க் விடுதியின் நட்பே வழிவகுத்தது.

நவம்பர் 15ஆம் நாள் குருத்துவ அபிஷேகம் பெற்றார். பல்கலைக்கழக விரிவுரையோடு, வடபெர்லினில் சீயோன் ஆலயத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். முந்திய போதகரைத் திணறடித்த முரட்டுச் சிறுவர்கள் அவர்கள். செல்வர்கள் வாழும் குரூனேவால்டில் பெற்றோரின் இல்லம் இருந்தும், அச்சிறுவர்களின் தெருவுக்கு அருகே அறையொன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். அவர்களுக்கு எந்நேரமும் கதவைத் திறந்து வைத்தார். திடப்படுத்தலுக்கு நல்லுடை இல்லாதோர்க்குத் துணி வாங்கிக் கொடுத்தார். ஹார்லெமில் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர் இங்கே தம் பாடத்தைத் தொடர்ந்தார் என்பதில் ஐயமில்லை.

1933ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் யூத வழியினரை அரசுப் பணியிலிருந்து விலக்கும் சட்டம் பிறந்தது. அவ்வேளையில் திருச்சபையின் கடமையைக் குறித்துப் போன்ஹோபர் எழுதிய கட்டுரை, அரசை வினவுதல், பாதிக்கப்பட்டோர் எம்மதத்தவராயினும் அவர்களுக்கு உதவுதல், தேவையேற்படின் சக்கரத்தையே தடுத்து நிறுத்துதல் என்னும் மூன்று கடமைகளை வகுத்தது. அதே செப்டம்பரில் பிரஷ்யத் திருச்சபையின் ஆலோசனை மாமன்றம் அச்சட்டத்தைத் திருச்சபைக்குள்ளும் புகுத்தியபோது, மார்ட்டின் நீமோலர் முதலியோருடன் சேர்ந்து எதிர்த்தார். இனத்தின் பெயரால் ஒரு சகோதரனை வெளியேற்றும் சபை தன் இயல்பையே இழக்கிறது என்பது அவர் துணிபு. இத்தெளிவுக்கு வேர்கள் பல உண்டு. ஆயினும் இனத்தால் பிளவுண்ட திருச்சபையை ஒருவர் ஏற்கெனவே தம் கண்ணால் கண்டு, தள்ளப்பட்டோரின் பக்கத்திலிருந்து அதனை நோக்கியவராய் இருந்தது இவ்வேர்களுள் ஒன்று என்பதே நம் கருத்து.

எனினும் வரலாற்று நேர்மை கருதி ஒன்றைக் கூற வேண்டும். போன்ஹோபரும் உடனே முழுப் பார்வை பெற்றுவிடவில்லை. அவ்வேப்ரலில் தம் மைத்துனரின் தந்தையார், திருமுழுக்குப் பெறாத யூதர், காலமானபோது, அடக்க ஆராதனையை நடத்துமாறு குடும்பத்தார் வேண்டினர். மேலதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு அவர் மறுத்துவிட்டார். அவ்வாண்டு நவம்பரில் அவ்வாறு அஞ்சியது எவ்வாறு என்று தமக்கே விளங்கவில்லை எனக் கூறி, மன்னிப்புக் கேட்டு எழுதினார். மேற்கூறிய அவருடைய கட்டுரையிலும் யூதரைக் குறித்த பழைய இறையியல் முற்சாய்வுகள் முற்றும் நீங்கவில்லை. ஓராண்டுப் படிப்பு ஒருவரை முழுமையாக்காது. தாம் தவறியதை உணரும் கூருணர்வை அளிக்குமாயின், அதுவே பெரும்பேறு.

லசேரின் வித்தும் முளைத்தது. 1934ஆம் ஆண்டு ஆகஸ்டில் டென்மார்க்கின் பானோ தீவில் நடந்த திருச்சபைகளின் மாநாட்டில், படைக்கலத்தால் பெறும் பாதுகாப்பு வேறு, சமாதானம் வேறு என்று போன்ஹோபர் துணிவோடு அறிவித்தார்; லசேரும் அங்கிருந்தார். 1937ஆம் ஆண்டு வெளிவந்த ‘சீடத்துவம்’ மலைப்பிரசங்கத்தையே நடுவாகக் கொண்டது. 1944ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், இட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்ற மறுநாள், சிறையிலிருந்து நண்பர் பெத்கேக்கு எழுதியபோதும், பதின்மூன்று ஆண்டுகளுக்குமுன் அமெரிக்காவில் ஓர் இளம் பிரெஞ்சுப் போதகரோடு உரையாடியதை நினைவுகூர்ந்தார். அந்நண்பர் பரிசுத்தவானாக விரும்பினார். தாமோ விசுவாசிக்கக் கற்றுக்கொள்ள விரும்பினார் என்று எழுதினார். மாணவர் விடுதியின் பேச்சொன்று மரணத்தின் வாயில்வரை உடன் சென்றது.

நம் நாட்டோடும் இவ்வரலாற்றுக்குத் தொடர்புண்டு. அமெரிக்காவிலிருந்து இந்தியா வழியாகத் திரும்பவேண்டுமென்று அவர் விரும்பினார். செலவு மிகுதியாகையால் இயலவில்லை. பின்னர் காந்தியடிகள் 1934ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கடிதம் எழுதி, தம்மோடு வந்து தங்குமாறு அழைத்தார். ஆனால், அறிக்கைத் திருச்சபை தன் குருமடத்தை நடத்த அவரை வேண்டியது. அவர் அதனையே தெரிந்துகொண்டார்.

7. இரண்டாம் பயணம்

1939ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அவர் மீண்டும் நியூயார்க் வந்திறங்கினார். போர் நெருங்கிய வேளையில் அவரைக் காப்பதற்காக நீபரும் லேமனும் செய்த ஏற்பாடு அது. அதே யூனியன் கல்லூரியில் விருந்தினருக்குரிய அறை, பாதுகாப்பான பணி, அன்பான நண்பர்கள். ஆயினும் அவருக்கு அமைதியில்லை. எட்டே நாட்களில் அப்பணியை ஏற்க மறுத்தார். இச்சோதனைக் காலத்தைத் தம் மக்களோடு பகிர்ந்துகொள்ளாவிடில், போருக்குப்பின் ஜெர்மனியில் கிறிஸ்தவ வாழ்வைச் சீரமைக்கும் பணியில் பங்குபெறத் தமக்கு உரிமையிராது என்று நீபருக்கு எழுதினார். ஜூலை 7ஆம் நாள் கப்பலேறினார். உடன் பயணம் செய்தவர் தமையன் கார்ல் பிரெடரிக். அமெரிக்காவில் தமக்குக் கிடைக்கவிருந்த பேராசிரியர் பதவியை விடுத்து அவரும் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் தாய்நாட்டின் பாவத்தை விளையாட்டென்று எண்ணியவரும் அதனைச் சுமக்கத் திரும்பினார்.

முதல் பயணத்தில் கற்றது எதுவென்பது இரண்டாம் பயணத்தில்தான் தெளிவாயிற்று. அயல்நாடு ஒருவருக்குப் புகலிடமாகவும் அமையலாம், கண்ணாடியாகவும் அமையலாம். போன்ஹோபர் அதனைக் கண்ணாடியாகக் கொண்டார்.

8. நமக்குரிய வினா

நியூயார்க்கின் தனி மாடத்தைக் குறித்து வாசிக்கையில் நம் தமிழ்த் திருச்சபை வரலாறு நினைவுக்கு வராதிராது. 1833ஆம் ஆண்டு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சேர்ந்து அமரவும் ஒரே பாத்திரத்தில் பங்குபெறவும் மனமின்றிச் சபையைவிட்டு விலகியோர் பலர். ஹார்லெம் சபையின் முன்னோர் இருக்கை வேற்றுமையை ஏற்க மறுத்து வெளியேறினர். நம் முன்னோருள் சிலர் அவ்வேற்றுமை ஒழிக்கப்படுவதை ஏற்க மறுத்து வெளியேறினர். இவ்விரண்டு வெளியேற்றங்களையும் அருகருகே வைத்து நோக்குவது வேதனையானது, எனினும் பயனுள்ளது.

இன்றும் நம்மவர் மேலைநாடு சென்று பயில்கின்றனர். தோல் நிறத்தின் காரணமாக ஒரு கடையிலோ பேருந்திலோ அடைந்த சிறுமையை நெஞ்சு பொருமச் சொல்லித் திரும்புவோர் உண்டு. அவர்கள் சினம் நியாயமானது. அது விலைமதிப்புள்ள கல்வியுங்கூட. ஆனால், அச்சினத்தோடு அவர்கள் தம் சொந்தச் சேகரத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து பார்க்கின்றனரா? திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் எழும் முதல் கேள்வி எதுவென்று செவிகொடுக்கின்றனரா? அன்றி, கார்ல் பிரெடரிக்கைப்போல, அங்கு கண்டதோடு ஒப்பிட்டால் இங்குள்ளது ஒரு பொருட்டன்று என்று ஆறுதல் கொள்கின்றனரா?

ஆகையால், அயல்நாடு புறப்படும் மாணவருக்கு நாம் கூறத்தக்கது இதுவே: கல்லூரி நூலகத்தில் அமரும் நேரத்தோடு, அந்நகரில் தள்ளப்பட்டோர் தொழும் ஆலயம் எதுவென்று கேட்டறிந்து அங்கே செல்லும் நேரத்தையும் ஒதுக்குக, ஒருமுறை அன்று, ஆறு மாதம் செல்லுக. திரும்பி வருவோரை வரவேற்கும் நாமோ, மாலையிட்டபின் அவரிடம் ஒரு வினாவேனும் கேட்போமாக. அங்கே யாருடைய பந்தியில் இருந்தீர், அதனால் இங்கே யாருடைய பந்திக்கு இனிச் செல்வீர் என்பதே அவ்வினா. அதற்கு அவர் தரும் விடையைப் பொறுமையோடு கேட்கும் சபையே, அவரைத் தகுதியோடு அனுப்பிய சபையாகும்.